எந்த வானொலிக்கும் பொருந்தாத பாட்டு: சிங்கப்பூர் அண்டர்கிரவுண்ட் ஹிப்ஹாப்பின் இன்றைய நிலை

பெரிய இசை நிறுவனத்தின் ஒப்பந்தமும் இல்லாமல், வானொலியின் தயவும் இல்லாமல், இளைஞர்கள் தாங்களே எழுதி, வீட்டிலேயே பதிவுசெய்து, இணையத்தில் ஏற்றிவிடும் ராப் இசையைத்தான் சிங்கப்பூரில் அண்டர்கிரவுண்ட் ஹிப்ஹாப் என்கிறார்கள். 1973 ஆகஸ்ட்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் வட்டாரத்தில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பொழுதுபோக்குக் கூடத்தில் நடந்த விருந்திலிருந்து ஹிப்ஹாப்பின் கதையைத் தொடங்குவது வழக்கம். சிங்கப்பூரிலும் இது அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறக்கும் இசைதான். பொங்கோல், செங்காங், ஈசூன் போன்ற வட்டாரங்களின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில், கதவைச் சாத்திய படுக்கையறைகளே அதன் பதிவுக்கூடங்கள்.

இங்கே ஒரு பாட்டு மேலே வராமல் தங்கிவிடுவதற்குப் பணமும் வாய்ப்பும் மட்டும் காரணமல்ல. மொழியும் ஒரு காரணம். சிங்கப்பூரின் ஒலி, ஒளிபரப்பு மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டது: தமிழுக்கு ஒலி 96.8, மலாய்க்கு ரியா 89.7, மாண்டரினுக்கு யெஸ் 933, தொலைக்காட்சியில் இந்தியச் சமூகத்துக்கு வசந்தம். வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடும் பையன்களின் பேச்சு அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. ஆங்கிலத்தில் தொடங்கும் வாக்கியம் தமிழில் திரும்பி, மலாய்ச் சொல்லொன்றைத் தொட்டு, ‘லா’வில் முடியும். அந்தப் பேச்சையே தாளத்தில் வைத்தால் ராப். அதை எந்த நிலையம் தன் பாட்டு என்று எடுத்துக்கொள்ளும்? 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கத்துக்குப் பிறகு, ஹொக்கியன் போன்ற சீனக் கிளைமொழிகள் ஒலிபரப்பிலிருந்து படிப்படியாக விலக்கப்பட்டன. சிங்லிஷ் என்ற உள்ளூர்ப் பேச்சு ஆங்கிலத்தைத் திருத்த 2000இல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் வந்தது. 2013இல் ‘லயன் சிட்டி கியா’ பாடலில் ஷிகா ஷே ஹொக்கியனையும் ஆங்கிலத்தையும் கலந்ததும், ஃபாரிஸ் ஜப்பா மலாயையும் ஆங்கிலத்தையும் கலந்து பாடுவதும் இந்தப் பின்னணியில் வெறும் பாணி அல்ல. அதிகாரபூர்வ அலைவரிசைகளில் இடமில்லாத பேச்சுக்கு அவர்கள் கண்டுபிடித்த இடம் அது.

வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூரில் ராப் ஒருபோதும் அரசுக்கு அந்நியமாக இருந்ததில்லை. 1991இல் சிவா சோயின் கோப்பி கேட் கிளேன் குழு சிங்லிஷில் நகைச்சுவை ராப் வெளியிட்டது. அதே காலகட்டத்தில் ஷேக் ஹைக்கலும் அஷிடிக் கஸாலியும் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் சைட்’ என்ற இருவர் குழுவாகப் பெயர் பெற்றனர். பத்தாண்டுக்கு மேல் கழித்து, 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது, தொலைக்காட்சிப் பாத்திரமான புவா சூ காங் கைகழுவச் சொல்லி ராப் பாடினார். 2007இலோ ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உயர் அதிகாரிகளே ராப் காணொளி ஒன்றில் தோன்றி ஊர்ச் சிரிப்புக்கு ஆளானார்கள். ஆகவே இங்கு ராப்பர் எதிர்கொள்ளும் சுவர் புறக்கணிப்பு அல்ல. எந்த ராப் எவ்வளவு தூரம் போகலாம் என்ற அளவுகோல்தான் சுவர்.

தமிழ் ராப் சிங்கப்பூருக்கு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று சென்னை: 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’. மற்றொன்று கோலாலம்பூர், தாக்கம் அதிகம் அங்கிருந்துதான். யோகி பி இடம்பெற்ற பொயட்டிக் அம்மோ குழு 1998இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் யோகி பி நட்சத்ரா குழுவாக 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ ஆல்பம், தமிழிலேயே முழு ராப் ஆல்பம் சாத்தியம் என்று காட்டியது. இளையராஜாவின் ‘மடை திறந்து’ பாடலை எடுத்துப் புதிதாக்கிய அதன் பாட்டு ஜோகூர் பாலத்தைத் தாண்டிச் சென்னைவரை போனது. தமிழ்நாட்டில் ஹிப்ஹாப் தமிழா ஆதியின் ‘கிளப்புல மப்புல’ பரவியது 2011இல். அதாவது மலேசியாவுக்குப் பிந்தி. சினிமாவை நம்பாத தமிழ் ராப் முதலில் வேரூன்றியது கடல்கடந்த மண்ணில்தான்.

சிங்கப்பூரின் பங்கும் சிறிதல்ல. 2010இல் ‘எந்திரன்’ படத்தின் ‘இரும்பிலே ஒரு இருதயம்’ பாடலில் ராப் செய்தவர்கள் காஷ் அண்ட் கிரிஸி. அவர்களில் ஒருவரான லேடி காஷ் பின்னர் தனியாகவும் பாடினார். ஆனால் அண்டர்கிரவுண்டிலிருந்து நேராக உலகச் சந்தைக்கு ஏறிய தமிழ்க் குரல் யங் ராஜாவுடையது. வசந்தத்தில் நடிகராக அறிமுகமானவர். 2018இல் அமெரிக்க ராப்பர் லில் பம்ப்பின் ‘குச்சி கேங்’ பாடலைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து ‘பூரி கேங்’ ஆக்கினார். ஆடம்பர ‘குச்சி’ (Gucci) பையின் இடத்தில் பூரி வந்து உட்கார்ந்ததும் சிரிப்பு தானே வந்தது; ஆனால் உச்சரிப்பும் வேகமும் விளையாட்டல்ல. 2019இல் யுனிவர்சல் மியூசிக் தொடங்கிய டெஃப் ஜேம் தென்கிழக்காசியாவின் முதல் கலைஞர் வரிசையில் அவரும் ஃபாரிஸ் ஜப்பாவும் இருந்தார்கள். அமெரிக்காவின் அலாமோ நிறுவனமும் சேர்ந்து 2021இல் யங் ராஜாவின் ‘மாமி’ பாடலை வெளியிட்டது.

இந்தக் கலப்பில் கைவேலை இருக்கிறது. தமிழ் யாப்பின் பழைய பலம் அடியின் தொடக்கத்தில் இருக்கும்: முதல் எழுத்தில் மோனை, இரண்டாம் எழுத்தில் எதுகை. ராப்பின் பீட் வரியின் முடிவில் விழும் ஒலிக்காகக் காத்திருக்கும். யாப்பில் அதற்கு இயைபு என்று பெயர். தமிழில் இயைபு மிக மலிவு. ‘வருவேன், தருவேன், விடுவேன்’ என்று விகுதியை வைத்தே நூறு வரி எழுதிவிடலாம். மூன்றாம் வரியில் கேட்பவருக்கு அலுத்துவிடும். நல்ல ராப்பர் அதனால் விகுதியை நம்பாமல் வரிக்குள்ளேயே எதுகையை அடுக்குகிறார், அல்லது தமிழ் வினையை ஆங்கிலப் பெயர்ச்சொல்லோடு ஒலி பொருத்துகிறார். தமிழ்ச் சொற்கள் விகுதி சேரச் சேர நீளும், ஒரு பார் (தாளச் சுற்று) முழுவதையும் இரண்டே சொல் நிரப்பிவிடும். ஓரசை ஆங்கிலச் சொல் உறுமியின் அடிபோல நடுவில் விழுந்து மூச்சு விட இடம் கொடுக்கும். கலப்பு மொழி சோம்பேறித்தனம் என்று குறைசொல்லும் ஆசிரியர்கள் இந்த இடத்தைக் கவனித்தால் நல்லது.

பதிவு வேலை பெரும்பாலும் இப்படி நடக்கும். இணையத்தில் பீட் விற்பவர்களிடமிருந்து ஒரு தாளத்தை வாடகைக்கு எடுப்பார்கள். விலை குறைவு, ஆனால் அதே பீட் வேறு பலருக்கும் போகும். எத்தனை முறை ஒலிக்கலாம் என்ற வரம்பும் ஒப்பந்தத்தில் இருக்கும். பாட்டு வெற்றிபெற்றால் முழு உரிமையை அதிக விலைக்கு வாங்க வேண்டும். மடிக்கணினியில் செருகும் மைக், ஒரு ஹெட்ஃபோன், எதிரொலியை அடக்கத் திறந்துவைத்த துணி அலமாரி அல்லது தலைக்கு மேல் போர்த்திய கம்பளி. பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லியது. இரவு பத்து மணிக்குப் பிறகு உரத்த வரிகளை ஒத்திவைக்க வேண்டும். பதினெட்டை ஒட்டி ஆண்களுக்குத் தேசிய சேவை வருகிறது. குழு உருவாகி, பெயர் பரவத் தொடங்கும் வயதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முகாமில் கழிகின்றன. பல குழுக்கள் ஓசையில்லாமல் கலைவது அப்போதுதான்.

மேடை என்று வந்தால் ரயிலேற வேண்டும். 2003இல் திறந்த வடகிழக்கு ரயில் பாதை பொங்கோலையும் லிட்டில் இந்தியாவையும் ஒரே தடத்தில் கோத்தது. அரை மணி நேரத்துக்குள் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இறங்கிவிடலாம். தேக்காவின் கடைகளில் இன்னும் சினிமாப் பாட்டின் ஆட்சிதான். ராப்புக்குரிய இடங்கள் ஆர்ச்சர்ட் பக்கமிருக்கும் ஸ்கேப் இளையர் மையம், கம்போங் கிளாமை ஒட்டிய அலிவால் கலை மையம் போன்றவை. ஆர்மேனியன் ஸ்திரீட்டில் 1990இலிருந்து இயங்கிய சப்ஸ்டேஷன் 2021இல் தன் கட்டடத்தை விட்டு வெளியேறியது, பரிசோதனைக் கலைஞர்கள் எல்லோருக்கும் இழப்பு. பொது நிகழ்ச்சிகள் பலவற்றுக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் கலை நிகழ்ச்சி உரிமம் தேவை. தெருவில் பாடுவதற்குத் தேசியக் கலைகள் மன்றத்தின் தேர்வில் தேற வேண்டும். திடீரென்று வட்டமாகக் கூடி மாறிமாறிப் பாடும் சைஃபர் பழக்கம் இங்கே பரவலாக வேர்விடாததற்கு இந்த நடைமுறைகளும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

அளவுகோலின் கடைசிக் கோடு எங்கே என்பதைச் சுபாஸ் நாயர் வழக்கு காட்டியது. 2019 ஜூலையில் மின்னியல் கட்டண விளம்பரம் ஒன்றில் சீன நடிகர் ஒருவர் தோலைக் கருமையாக்கி, ‘K. முத்துசாமி’ என்ற பெயர்ப்பட்டையுடன் இந்தியராகத் தோன்றினார். சுபாஸும் அவருடைய சகோதரி பிரீத்தியும் வசைச்சொற்கள் நிறைந்த ராப் காணொளியால் பதிலடி கொடுத்தனர். இருவருக்கும் போலிசார் நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை விடுத்தனர். தேசிய தினத்தையொட்டிய தொலைக்காட்சி இசைத் திட்டம் ஒன்றிலிருந்து சுபாஸ் நீக்கப்பட்டார். அந்தக் காணொளியோடு பிற்காலச் சமூக ஊடகப் பதிவுகளும், 2021 மார்ச்சில் சப்ஸ்டேஷன் மேடையில் அவர் காட்டிய படமும் சேர்ந்து, இனங்களுக்கிடையே பகையுணர்வைத் தூண்ட முயன்றதாக நான்கு குற்றச்சாட்டுகளாயின. 2023இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி ஆறு வாரச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அதே மாதம் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அரசின் வாதம், பல இனச் சமூகத்தில் கோபத்துக்கும் எல்லை வேண்டும் என்பது. சுபாஸ் பக்கத்து வாதம், இனப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டுவது பகையைத் தூண்டுவதாகாது என்பது. வட அமெரிக்க ராப்பின் ஆதி உந்துதலே இந்த இரண்டாவது வாதத்தில் இருக்கிறது. அதனால்தான் சிங்கப்பூர் ராப்பர்கள் சோறு, குடும்பம், பணம், புளோக், நட்பு ஆகியவற்றில் தாராளமாகவும், இனத்தில் எண்ணி எண்ணியும் எழுதுகிறார்கள் என்று தோன்றுகிறது.

மிச்சமிருப்பது பணக் கணக்கு. 2024 முதல் ஸ்பாட்டிஃபை, பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுரிமைத் தொகை தருவதில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசுவோர் 2.5 விழுக்காடு. அவர்களில் ராப் கேட்கும் வயதினர் இன்னும் குறைவு. அவர்களுக்கும் சென்னையின் புதுப்பாட்டு அதே நொடியில் கிடைத்துவிடுகிறது. மலேசியாவில் இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ இருபது லட்சம் பேர், தமிழ்நாட்டின் எண்ணிக்கையைச் சொல்லவே வேண்டாம். உள்ளூர் வழக்கு தூக்கலாக இருந்தால் பொங்கோல் நண்பர்கள் ரசிப்பார்கள், மதுரைக்காரருக்குப் புரியாது; வழக்கைத் தேய்த்துப் பொதுத்தமிழாக்கினால் மதுரைக்குப் போகும், பொங்கோலின் மணம் போய்விடும். ஆங்கிலத்தின் பங்கைக் கூட்டி ஆசியா முழுவதையும் குறிவைத்தது யங் ராஜாவின் வழி. மலேசியக் கலைஞர்களோடு கூட்டாகப் பாடி ஜோகூருக்கு அப்பால் கேட்பவர்களைப் பிடிப்பது இன்னொரு வழி. மூன்றாவதாக, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, சில நூறு பேருக்காக இரவில் பதிவுசெய்பவர்களும் இருக்கிறார்கள்.