பெயர்ப்பலகை இல்லாத கதவு
குடியை நிறுத்த உதவும் கூட்டங்கள் கொல்கத்தாவில் உண்டு. அங்கே போய்ச் சேர்வதுதான் முதல் சோதனை

மாலை ஆறு மணிக்கு தெற்கு கொல்கத்தாவின் கரியாஹாட் சந்திப்பில் தேடினால் கிடைக்காத பொருள் குறைவு. பெங்கால் காட்டன் புடவை, கண்ணாடி வளையல், துள்ளும் மீன் எல்லாம் உண்டு. மதுக்கடைக்கு வழி கேட்கவே வேண்டாம், பலகை மின்னுகிறது. குடியை விட வழி தேடுபவர்தான் திணறுகிறார்.

‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏ.ஏ.) அமைப்பின் கூட்டங்கள் கொல்கத்தாவில் நடக்கின்றன. குடியிலிருந்து மீண்டவர்களும் மீள விரும்புபவர்களும் தாங்களே நடத்திக்கொள்ளும் கூட்டங்கள் இவை. இப்படிப்பட்ட குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் இருப்பது அபூர்வம். பள்ளி வகுப்பறையோ, தேவாலயத்தை ஒட்டிய அறையோ வாரத்தில் ஓரிரு மணி நேரம் வாடகைக்குக் கிடைத்தால் போதும். வருபவரின் அடையாளத்தைக் காப்பது அடிப்படை விதி. அதுவே அதன் பலம். புதிதாகத் தேடி வருபவருக்கு அதுவே தடை.

தமிழருக்கு இன்னொரு தடையும் உண்டு. கரியாஹாட்டிலிருந்து ராஷ்பிஹாரி அவென்யூவில் மேற்கே சென்றால் லேக் மார்க்கெட். மல்லிகையும் வாழையிலையும் காப்பிப் பொடியும் கிடைக்கும் இந்த வட்டாரத்தில் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். சிறிய சமூகம், ஒருவர் வீட்டு விஷயம் அடுத்தவருக்குத் தெரிய நேரமாகாது. “அவர் கொஞ்சம் குடிப்பார்” என்பதை ஜீரணித்துக்கொள்ளும் உறவினர்களே, “அவர் சிகிச்சைக்குப் போகிறாராம்” என்றால் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

இது கொல்கத்தாவின் பிரச்சினை மட்டுமல்ல. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை தயாரித்து 2019-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார்.

வழி தெரியாத ஊரில் உதவி தேடியதில் பிறந்ததுதான் ஏ.ஏ. இயக்கமே. 1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரான் நகருக்கு வியாபார விஷயமாக வந்த பில் வில்சனுக்குத் தோல்விதான் மிஞ்சியது. சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்தவர் அவர். தங்கிய ஹோட்டலில் ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். தேவாலயங்களின் எண்களைத் தேடி அழைத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்றார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். இடையில் ஒருமுறை சறுக்கிய ஸ்மித், கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் ஜூன் 10, இயக்கத்தின் பிறந்த நாளானது. இந்தியாவில் ஏ.ஏ. 1957-ல் டெல்லியில் தொடங்கியது.

இன்றும் முதல் படி தொலைபேசிதான். இந்திய ஏ.ஏ.வின் இணையதளத்தில் உதவி எண்கள் கிடைக்கும். அழைப்பவர் முழுப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கரியாஹாட்டுக்கு அருகில் எந்தக் கிழமை, எந்த நேரம், எந்த மொழியில் கூட்டம் என்று கேட்டால் போதும். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. முதலாவதில் குடும்பத்தினரும் உட்காரலாம். இரண்டாவது, குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும். இடமும் நேரமும் மாறக்கூடும் என்பதால் கிளம்பும் முன் மறுபடி கேட்டுக்கொள்வது உத்தமம். வங்காளியும் இந்தியும் தடையென்றால், தமிழில் இணையவழிக் கூட்டம் உண்டா என்றும் விசாரிக்கலாம். 2020 கொரோனா ஊரடங்குக்குப் பின் இம்மாதிரிக் கூட்டங்கள் பெருகியுள்ளன. அரசின் 14446 என்ற கட்டணமில்லாத எண்ணும் ஆலோசனை தருகிறது.

உள்ளே என்ன நடக்கும்? நாற்காலிகள், தேநீர், ஒவ்வொருவராகச் சொல்லும் சொந்தக் கதை. அறிவுரை இல்லை, யாரும் குறுக்கிடுவதில்லை. பேச மனமில்லாதவர் கேட்டுக்கொண்டு உட்காரலாம். கட்டணம் கிடையாது, செலவுக்கு உறுப்பினர்கள் விரும்பியதைப் போடுகிறார்கள். வாழ்நாள் சபதம் எதுவும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் போதும். நாளைய கதை நாளைக்கு.

கூட்டம் மட்டுமே மருந்தாகிவிடாது. பல வருடங்கள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் டாக்டர், பிறகு கூட்டம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய சென்னை டி.டி.கே. மருத்துவமனை, மருத்துவத்தோடு ஆலோசனையையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டது இதனால்தான். கூட்டங்களின் பலன் வெறும் நம்பிக்கை அல்ல. 27 ஆய்வுகளை அலசிய 2020-ம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, ஏ.ஏ. வழிமுறையை ஒட்டிய சிகிச்சைகள் குடியை அறவே நிறுத்த உதவுவதில் மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருப்பதாகக் கூறுகிறது.

அவர் வர மறுத்தால்? மனைவி காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பத்தினருக்கென்றே 1951-ல் உருவானது அல்-அனான். அவர் குடித்தாலும் நிறுத்தினாலும், இவர் போகலாம்.

துர்கா பூஜை இரவுகளில் கரியாஹாட் முழுக்க விளக்கு, கூட்டம், கொண்டாட்டம். குடியை விட்டவருக்கு வருடத்தின் கடினமான நாட்கள் இவைதான். அந்த நேரத்தில் கையில் ஒரு தொலைபேசி எண் இருப்பது பெரிய விஷயம். மறுமுனையில் எடுப்பவரும் ஒரு காலத்தில் அதே நடுக்கத்தோடு யாரையோ அழைத்தவர்தான்.