மூளையில் தங்கும் நாடாப்புழு

ஜவ்வாது மலைக்கு வடக்கே சமவெளியில் அமைந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், வேலூர் மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நோயின் காரணம் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவமே என்று கண்டறிந்தனர்.

சரியாக வேகாத பன்றி இறைச்சியை உண்பவரின் குடலில் வளர்வது முதிர்ந்த நாடாப்புழு. அது பெரும்பாலும் பெருந்துன்பம் தருவதில்லை. அவருடைய மலத்தோடு வெளியேறும் முட்டைகள் கழுவாத கையாலோ, கீரையாலோ, நீராலோ அவரது வயிற்றையோ மற்றொருவரின் வயிற்றையோ சேரும்போதுதான், முட்டையிலிருந்து வெளிப்படும் கரு குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, தசையிலும் மூளையிலும் கண்ணிலும் நீர்ப்பையாகத் தங்குகிறது. ஆகவே வாழ்நாளில் இறைச்சியையே தொடாதவருக்கும் மூளையில் நீர்ப்பை வரலாம். சைவ உணவே காப்பு என்ற நம்பிக்கைக்கு இந்நோயில் இடமில்லை.

உயிரோடு இருக்கும் நீர்ப்பை உடலின் எதிர்ப்பாற்றலை ஏய்த்து ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கிடக்கும். அது சாகத் தொடங்கும்போது சுற்றிலும் அழற்சி மூண்டு வலிப்பு வருகிறது. 1888இலேயே சென்னையில் வலிப்பால் இறந்த ஒரு கூலித் தொழிலாளியிடம் இந்நோய் காணப்பட்டதாகப் பதிவு உண்டு. எனினும் சி.டி. ஸ்கேன் இந்தியாவுக்கு வந்தபின், மூளையில் தென்பட்ட சிறு தனிக்கட்டிகளைப் பலர் காசநோய்க் கட்டி என்றே கருதி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தனர். வேலூரில் அதே கல்லூரியின் மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் அறுவைசிகிச்சையில் எடுத்த திசுக்களை ஆராய்ந்து, அவற்றுட் பல செத்த புழுக்களே என 1989இல் ‘லான்செட்’ இதழில் எழுதினர். கட்டி 20 மில்லிமீட்டருக்கு மிகாமலும், மூளையை ஒரு பக்கம் தள்ளாமலும், தலைக்குள் அழுத்தம் ஏறாமலும் இருப்பின் மண்டையோட்டைத் திறக்கத் தேவையில்லை என்று ராஜசேகர் வகுத்த அளவுகோல்கள், புற்றுக்கட்டி என்ற அச்சத்தில் நடக்கவிருந்த எத்தனையோ அறுவைகளைத் தவிர்த்திருக்கும்.

கண்ணில் நிலைமை வேறு. விழித்திரைக்கு அடியிலோ விழிப்படிகநீரிலோ தங்கும் நீர்ப்பை தலையை நீட்டிச் சுருக்கி அசைவதை மருத்துவர் கருவி வழியே நேரிற் காணலாம். அதைக் கொல்லும் மருந்து கொடுத்தால் எழும் அழற்சியில் பார்வையே போய்விடக்கூடும் என்பதால், உயிரோடு அறுவைசிகிச்சையில் எடுப்பதே வழி. மூளையிலுள்ள நீர்ப்பைக்கு அல்பெண்டசோல் என்னும் புழுக்கொல்லி மருந்தைத் தொடங்குமுன் கண்ணையும் சோதிக்க வேண்டும் என்பது இதனாலேயே.

மறைந்திருக்கும் நீர்ப்பையை மருந்து சீண்டிவிடக்கூடும் என்ற இந்தச் சிக்கல், ஊர் முழுவதற்கும் புழுமருந்து கொடுக்கும்போதும் எழும். திமிரி, ஜவ்வாது மலை ஒன்றியங்களில் தேர்ந்தெடுத்த பகுதிகளில், உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றை ஒழிப்பதற்கான ஆய்வாக, குழந்தைகள் முதல் முதியோர் வரை ஆண்டுக்கு இருமுறை மூன்றாண்டுகள் அல்பெண்டசோல் வழங்கப்பட்டது. ஒரே வேளை மாத்திரை நாடாப்புழுவுக்குப் போதாது. அதைக் குடலிலேயே கொல்லும் நிக்ளோசமைடோ இரத்தத்தில் அதிகம் சேராததால் மறைந்திருக்கும் நீர்ப்பைகளைச் சீண்டுவதில்லை. ஆனால் மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்தால், திறந்தவெளி மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் நோய் தொடர்ந்து வளரும். பன்றிக்கு ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்தும், ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் தயாரிக்கும் தடுப்பூசியும் கிடைக்கின்றன. அவற்றின் செலவை ஏழைப் பன்றி வளர்ப்போர் மீது ஏற்றாமல் கால்நடைத் துறையே ஏற்றால்தான் அவை பட்டியை எட்டும்.