சேற்றில் அடங்கிய கரி

ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. ஆறும் கடலும் அங்கே கொண்டுவந்து சேர்க்கும் சேறே இக்கட்டுரையின் பொருள். மீஞ்சூருக்குக் கிழக்கிலும் வடக்கிலும், காட்டுப்பள்ளியிலிருந்து பழவேற்காடு முகத்துவாரம் வரை, மீனவர் குப்பங்களைச் சுற்றிப் பரந்திருக்கும் சேற்றுநிலம் எதற்கும் உதவாத களராகப் பார்வைக்குத் தோன்றினாலும், காற்றிலிருந்து செடிகள் உறிஞ்சிய கரியமில வாயுவின் கரிமத்தை நூற்றாண்டுக் கணக்கில் தன்னுள் அடக்கிவைக்க வல்லது. அலையாத்திக் காடு, கடற்புல் படுகை, உமரி போன்ற செடிகள் வளரும் உவர்ச் சதுப்பு ஆகிய மூன்றும் இவ்வாறு சேமிக்கும் கரிமம், 2009-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட அறிக்கையைத் தொடர்ந்து ‘நீலக் கரிமம்’ என்னும் பெயரில் பரவலாக அறியப்படலாயிற்று.

அலையாத்தி வகையான வெண்கண்டல் மரத்தைச் சுற்றிப் பென்சில்களைக் குத்திவைத்தாற்போல் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்கள், ஏறிவரும் ஓதநீரின் வேகத்தைத் தணித்து, அதில் மிதந்துவரும் வண்டலையும் மக்கிய இலைகளையும் அங்கேயே படியச் செய்கின்றன. அந்தச் சேற்றைக் கையளவு தோண்டினால், மேலே பழுப்பாக இருப்பது சிறிது ஆழத்திலேயே கருமையாக மாறி, அழுகிய முட்டையின் வாடை வீசும். பிராணவாயு அங்கே எட்டவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். பிராணவாயு இல்லாத இடத்தில் இலையும் வேரும் மக்குவது மிக மெதுவாக நடப்பதால், கரிமம் காற்றுக்குத் திரும்பாமல் அடுக்கடுக்காகப் புதைகிறது. கடல்நீரில் சல்பேட் என்னும் உப்பு ஏராளமாக இருப்பதும் இதற்குத் துணைசெய்கிறது. அதைக் கொண்டு வாழும் நுண்ணுயிரிகள், மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிரிகளுக்கு இரையை மிச்சம் வைப்பதில்லை. நன்னீர்ச் சதுப்புகள் கரிமத்தைச் சேமித்தாலும் மீத்தேனையும் மிகுதியாக வெளியிடுகின்றன என்பதை நினைத்தால், உப்புநீரின் அருமை புலப்படும்.

இந்திய, பசிபிக் பெருங்கடல் பகுதிகளில் 25 அலையாத்திக் காடுகளை அளந்து 2011-இல் வெளியான ஆய்வு, ஹெக்டேருக்குச் சராசரியாக 1,023 டன் கரிமம் இருப்பதாகவும், அதில் ஏறத்தாழப் பாதி முதல் மிகப் பெரும்பகுதி வரை மண்ணிலேயே அடங்கியிருப்பதாகவும் காட்டியது. மழை குறைந்த பழவேற்காட்டில் கண்டல் மரங்கள் குட்டையாகவும் சிதறலாகவும் வளர்வதால், அந்தச் சராசரியை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறு. ஆனால் கரிமத்தின் வைப்பிடம் மரத்தைவிட மண்ணே என்னும் உண்மை இங்கும் பொருந்துகிறது. மரக்கன்றுகளை மட்டும் எண்ணிப் பெருமைப்படும் திட்டங்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

மண்ணைக் கிளறினால் என்ன ஆகும் என்பதற்கு இறால் பண்ணைகளே சான்று. குளம் வெட்டிச் சேற்றை வெயிலில் காயப்போடும்போது காற்றுப்பட்ட கரிமம் மீண்டும் கரியமில வாயுவாகிவிடுகிறது; பல தலைமுறைகளாகச் சேர்ந்த வைப்பு சில ஆண்டுகளில் கரைகிறது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று தடுத்தது. நன்னீரும் விளைநிலமும் வாழ்வாதாரமும் கெடுவதையே அவ்வழக்கு முன்வைத்தது எனினும், அத்தடை சேற்றிலிருந்த கரிமத்துக்கும் காவலாயிற்று.

இந்தச் சேற்றை நம்பி வாழ்வோருக்கு அதன் பயன் ஏட்டுக் கணக்கன்று. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்கள். எந்த இடத்தில் சேறு மிருதுவாக இருக்கிறது, எங்கே அனல்மின் நிலையச் சாம்பலும் மணலும் படிந்து இறுகிவிட்டது என்பதை அவர்களது விரல்களே முதலில் அறிகின்றன. ஏரி மீனவர்களிடம் ‘பாடு’ என்னும் முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்நாளில் வலைபோடலாம் என்று கிராமத்தார் தமக்குள் வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆகவே 2023-இல் ஒன்றிய அரசு தொடங்கிய ‘மிஷ்டி’ போன்ற அலையாத்தி வளர்ப்புத் திட்டங்கள் இங்கே வரும்போது, பாட்டு இடத்திலும் பறவைகள் இரைதேடும் வெற்றுச் சேற்றுத்திட்டிலும் கன்று நடுவது நன்மையாகாது. எங்கே நடலாம் என்பதைக் குப்பத்தாரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

அதைவிட முதன்மையானது முகத்துவாரம். மணல் அடைத்து அது தூர்ந்துபோனால் ஓதம் உள்ளே வருவது நின்று, கோடையில் ஏரி கடலைவிட உப்பாகிக் கண்டலும் கடற்புல்லும் வாடுகின்றன. மழைக்காலத்தில் ஆற்றுநீர் தேங்கி உப்புக் குறைந்தால், மீத்தேன் உண்டாகிக் கிளம்பவும் வழி பிறக்கிறது. படகு கடலுக்குப் போகவும் இறால்குஞ்சு ஏரிக்குள் வரவும் முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று பழவேற்காட்டு மீனவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தது, கரிமத்தின் பெயரால் கேட்கப்பட்டதில்லை என்றாலும், இவ்வேரியில் நீலக் கரிமத்தைக் காக்க முதலில் செய்ய வேண்டிய வேலை அதுவே.