ஊசிக்கு முற்பணம் கட்டுமுன்...

பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு துண்டுப்பிரசுரத்தை என் கையில் தந்தார். இடுப்பு நோவு, முழங்கால் நோவு, தலையிடி, சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் அனைத்துக்கும் அக்குபங்சர் மூலம் நிரந்தரத் தீர்வு என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. 20 தடவைக்குக் கட்டணம் 70,000 ரூபா. முழுவதையும் முன்கூட்டியே கட்டினால் 60,000 ரூபா. "நானா, பத்தாயிரம் கழிவு கிடைக்குது. கட்டவா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது வியாபாரக் கேள்வி என்பதால் இந்தப் பத்தியிலேயே அதற்குப் பதில் எழுதலாம் என நினைக்கின்றேன். நமது வர்த்தகர்களில் நோவில்லாதவர் குறைவு. காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இடுப்பு. புடவைக்கடையில் நாள் முழுக்க நிற்பவருக்கு முழங்கால். பேருவளையில் கல் பார்ப்பவருக்கும் பட்டை தீட்டுபவருக்கும் கழுத்து. நாட்டாமி வரவில்லையென்று தானே சீமெந்து மூடையைத் தூக்கிய முதலாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்கள் அனைவரும் பெனடோலில் ஆரம்பித்து, பாமசியில் கேட்டு வாங்கும் நோவுக் குளிசைகளில் தொடர்ந்து, ஸ்பெஷலிஸ்ட்டைச் சனல் பண்ணி, எம்.ஆர்.ஐ. எடுத்து, கடைசியில் இப்படியொரு துண்டுப்பிரசுரத்தில் வந்து நிற்கிறார்கள். நோவுள்ளவன் கையில் பணமும் இருந்தால் அவனைவிட நல்ல வாடிக்கையாளன் எவருக்கும் கிடைக்க மாட்டான்.

முதலில் சரக்கு என்னவென்று பார்ப்போம். அக்குபங்சர் சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வரும் வைத்திய முறை. கால் மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள, மருந்து எதுவும் இல்லாத ஊசிகளைத் தோலில் குறிப்பிட்ட இடங்களில் செலுத்தி, இருபது முப்பது நிமிடம் அப்படியே விட்டு வைப்பார்கள். உடலில் 'சீ' எனும் உயிர்ச்சக்தி பாதைகள் வழியே ஓடுகிறது, அது தடைப்படும்போது நோய் வருகிறது என்பது பழைய விளக்கம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலில் இந்தப் பாதைகளில் 361 புள்ளிகள் உள்ளன. உடலை அறுத்துப் பார்த்த எவரும் அப்படியொரு பாதையைக் கண்டதில்லை. ஊசி குத்தும்போது நரம்புகள் தூண்டப்பட்டு, மூளையும் முள்ளந்தண்டும் நோவைக் குறைக்கும் இரசாயனங்களைச் சுரக்கின்றன என்பதே இன்றைய விஞ்ஞானிகள் தரும் விளக்கம். ஹிஜாமா வேறு, இது வேறு. அதில் தோலைக் கீறி இரத்தம் எடுக்கப்படுகிறது, இதில் இரத்தம் எடுப்பதில்லை. இரண்டையும் ஒரே பலகையில் எழுதி வைத்திருக்கும் இடங்கள் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேற்கு நாடுகளில் இதற்குப் பெரிய விளம்பரம் கிடைத்தது 1971இல். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் சீனா சென்றிருந்தபோது அவருக்குக் குடல்வால் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. பிறகு ஏற்பட்ட வயிற்று அசௌகரியத்துக்கு ஊசி குத்தினார்கள். அவர் அதை எழுத, அமெரிக்காவே பேசத் தொடங்கியது. ஊசியாலேயே மயக்கி அறுத்தார்கள் என்று இன்றும் சிலர் கதை சொல்வதுண்டு. அது தவறு, சத்திரசிகிச்சை வழமையான மயக்க மருந்துடன்தான் நடந்தது. நமது நாட்டில் இம்முறையைப் பிரபலப்படுத்தியவர் டொக்டர் அன்டன் ஜயசூரிய. களுபோவில வைத்தியசாலையில் அவர் நடத்திய கிளினிக்கில் ஊசி குத்தப் பழகுவதற்கென்றே வெளிநாட்டவர்கள் வந்தார்கள். நமது மூத்தவர்கள் சிலருக்கு அது நினைவிருக்கும்.

இனி முக்கிய விடயம். இது வேலை செய்கிறதா?

ஜேர்மனியில் நாட்பட்ட இடுப்பு நோவுள்ள 1,162 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. நோயாளிகள் மூன்று கூட்டமாகப் பிரிக்கப்பட்டார்கள். முதற் கூட்டத்துக்குச் சரியான புள்ளிகளில் அக்குபங்சர். இரண்டாவது கூட்டத்துக்குப் போலி அக்குபங்சர், அதாவது புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்துவது. மூன்றாவது கூட்டத்துக்கு வழமையான மருந்தும் பிசியோதெரபியும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க சுகம் கண்டவர்கள் முதற் கூட்டத்தில் 47.6 வீதம், இரண்டாவதில் 44.2 வீதம், மூன்றாவதில் 27.4 வீதம்.

இந்தக் கணக்கை ஒரு வியாபாரி நிதானமாகப் படிக்க வேண்டும். ஊசி குத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல பலன். வழமையான வைத்தியத்தை விட அது எவ்வளவோ மேல். ஆனால் சரியான இடத்தில் குத்தினாலும் பிழையான இடத்தில் குத்தினாலும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை! இரகசியப் புள்ளிகள் தனக்கு மட்டுமே தெரியும் என்று ஒருவர் கூடுதல் கட்டணம் கேட்டால் இந்தக் கணக்கை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பாதிப் பேருக்குப் பலன் என்றால் மற்றப் பாதிப் பேருக்கு இல்லை. நீங்கள் எந்தப் பாதி என்பது 20 தடவைக்கும் பணம் கட்டும் முன் உங்களுக்கும் தெரியாது, ஊசி குத்துபவருக்கும் தெரியாது.

பின்னர் 2018இல், 39 ஆய்வுகளில் பங்குபற்றிய 20,827 நோயாளிகளின் விபரங்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். இடுப்பு, கழுத்து, தோள்மூட்டு, முழங்கால் தேய்வு, நாட்பட்ட தலையிடி ஆகியவற்றில் அக்குபங்சர் போலி ஊசியை விடச் சிறிதளவு மேலானது, ஒன்றும் செய்யாமலிருப்பதை விட நன்றாகவே மேலானது எனக் கண்டார்கள். சிகிச்சை முடிந்து ஓர் ஆண்டு சென்ற பின்னரும் பலனின் பெரும்பகுதி எஞ்சியிருந்தது. ஆக, நோவைப் பொறுத்தவரை இது வெறும் ஏமாற்றும் அல்ல, அதிசயமும் அல்ல.

பணம் கொடுக்கும் நிறுவனங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன என்பதுதான் நமது பத்திக்குரிய விடயம். ஜேர்மனியில் 2006இல் இடுப்பு நோவுக்கும் முழங்கால் தேய்வுக்கும் காப்புறுதியில் அக்குபங்சரைச் சேர்க்கத் தீர்மானித்தார்கள். பிரித்தானியாவில் அரச சுகாதார சேவைக்கு ஆலோசனை கூறும் நைஸ் நிறுவனம் 2009இல் இடுப்பு நோவுக்கு இதைச் சிபாரிசு செய்து, 2016இல் அந்தச் சிபாரிசை வாபஸ் பெற்றது. பிறகு 2021இல், வேறு காரணம் கண்டுபிடிக்க முடியாத நாட்பட்ட நோவுக்கு ஒரேயொரு சுற்று கொடுத்துப் பார்க்கலாம், வைத்திய ஊழியரின் நேரம் மொத்தம் ஐந்து மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்றது. அறிஞர்களே இப்படி முன்னும் பின்னும் நடக்கும் விடயத்தில் நிரந்தரத் தீர்வு என்று அச்சடிப்பவரின் தைரியத்தை என்னவென்பது?

எனக்குப் பிடித்தது அமெரிக்க அரசின் மெடிகெயார் காப்புறுதி 2020 ஜனவரியில் கொண்டுவந்த ஏற்பாடு. பன்னிரண்டு வாரமோ அதற்கு மேலோ நீடித்த இடுப்பு நோவுக்கு மட்டும் பணம் தரும். 90 நாட்களுக்குள் 12 தடவை. முன்னேற்றம் தெரிந்தால் மேலும் 8. ஆண்டுக்கு 20க்கு மேல் கிடையாது. முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்த வேண்டும். இதில் ஒரு நல்ல ஒப்பந்தத்துக்குரிய எல்லாம் இருக்கிறது. எந்தச் சரக்குக்கு, எவ்வளவு காலத்துக்கு, எந்த இடத்தில் கணக்குப் பார்ப்பது, எப்போது கையை விடுவது என்று எல்லாம் எழுதப்பட்டுள்ளது. நண்பரின் துண்டுப்பிரசுரத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. புதிய கம்பனி ஒன்று 20 லோட் கம்பிக்கு முழுப்பணத்தையும் முன்கூட்டியே கேட்டால் கொடுப்பீர்களா என்று அவரிடம் கேட்டேன். சிரித்தார்.

இதுவரை சொன்னது நோவுக்கு. சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்பன வேறு கதை. இவற்றை ஊசி குணப்படுத்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. சீனி வருத்தத்தால் வரும் கால் எரிவுக்கு இதைச் செய்து பார்த்த ஆய்வுகள் உள்ளன. அவை சிறியவை, உறுதியான முடிவு தருவன அல்ல. நமது நாட்டில் வளர்ந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் நிலையில், எனக்கு உண்மையில் பயம் தருவது இந்த இடம்தான்.

எனக்குத் தெரிந்த புடவைக்கடைக்காரர் ஒருவர் இப்படியொரு இடத்துக்குப் போனார். குளிசை கிட்னியைப் பழுதாக்கும், நிறுத்தினால்தான் ஊசி வேலை செய்யும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். மெட்போர்மினை நிறுத்தினார். ஊசியோடு மொக்சா எனப்படும் மூலிகைச் சூடும் பாதத்தில் வைத்தார்கள். சீனியால் நரம்பு மரத்துப்போன பாதத்துக்குச் சூடு எங்கே தெரியப்போகிறது? கொப்புளம் வந்தது, புண்ணானது, சப்பாத்துக்குள் மறைந்திருந்தது. நான்கு மாதத்தில் இரண்டு விரல்களை வைத்தியசாலையில் எடுத்தார்கள். ரமழான் சீசன் முழுவதும் கடை மச்சானின் கையில். இழந்த வியாபாரத்தை அவர் கணக்குப் பார்த்துச் சொன்னபோது, கொடுத்த கட்டணம் அதில் ஒரு மூலைக்கும் காணாது.

ஆகவே எந்த வைத்தியர் சொன்னாலும், மாதாந்த கிளினிக்கில் தந்த குளிசையையோ இன்சுலினையோ அந்தக் கிளினிக் டொக்டரிடம் கேட்காமல் நிறுத்த வேண்டாம். பெயரும் லேபலும் இல்லாத தூள், வில்லைகளையும் வாங்க வேண்டாம். அவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் நோவு இரண்டே நாளில் பறக்கும், சீனியும் கூடவே ஏறும்.

சில நோவுகள் ஊசிக்காகக் காத்திருக்கக் கூடாதவை. இடுப்பு நோவோடு கால் பலமிழந்தால், சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போனால், காய்ச்சலோ காரணமற்ற மெலிவோ சேர்ந்திருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நெஞ்சில் இறுக்கத்தோடு இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு வாய்வு அல்ல, அது இதயமாக இருக்கலாம்.

ஊசியிலும் ஆபத்து உண்டு, ஆனால் கைதேர்ந்தவரிடம் குறைவு. ஒவ்வொரு ஊசியும் முத்திரையிட்ட உறையிலிருந்து உங்கள் கண் முன்னே எடுக்கப்பட்டு, ஒரு தடவையோடு வீசப்பட வேண்டும். பழைய ஊசியால் ஈரல் அழற்சி பரவியதுண்டு. நெஞ்சுப் பக்கம் ஆழமாகக் குத்தி நுரையீரல் துளைபட்ட சம்பவங்களும் மருத்துவ ஏடுகளில் உள்ளன. இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவரும், இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவரும், கர்ப்பிணிகளும் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். குத்துபவர் மேலைத்தேய டொக்டர் என்றால் இலங்கை மருத்துவ சபையின் பதிவு இருக்க வேண்டும். ஆயுர்வேத, சித்த, யூனானி வைத்தியர் என்றால் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழான பதிவு இருக்க வேண்டும். இலக்கத்தைக் கேட்பது அவமரியாதை அல்ல. சுவரில் தொங்கும் வெளிநாட்டு டிப்ளோமா பதிவு ஆகாது. உங்களிடம் வைத்தியக் காப்புறுதி இருந்தால் அக்குபங்சருக்குப் பணம் தருமா என்று எழுத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பில்லைக் கொண்டுபோனால் பில் திரும்பி வரும்.

முழு உடலையும் பார்க்கும் வைத்தியம் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் உண்மை உண்டு. நல்ல அக்குபங்சர் வைத்தியரும் நல்ல யூனானி ஹகீமும் முதலில் அரை மணித்தியாலம் உட்கார்ந்து, எப்படித் தூங்குகிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள், எதில் உட்காருகிறீர்கள் என்று கேட்பார்கள். சனல் பண்ணிய இடத்தில் ஐந்து நிமிடத்தில் இதைக் கேட்க எவருக்கும் நேரமில்லை. திரும்பிய செக்கை நினைத்து இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பவருக்கு நோவு கூடத்தான் செய்யும். பின் பொக்கட்டில் தடித்த பேர்ஸை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் நரம்பு நசுங்கும். அதற்கு ஊசி தேவையில்லை, பேர்ஸை மேசை லாச்சியில் போட்டால் போதும். இடுப்பு நோவுக்குப் படுத்தே கிடப்பது நல்லதல்ல, நடப்பதே நல்லது என்பதில் இன்று எல்லா வைத்திய முறையினரும் ஒத்துப்போகிறார்கள்.

நண்பர் 60,000 ரூபாவைக் கட்டவில்லை. பதிவுபெற்ற வைத்தியர் ஒருவரிடம், ஒவ்வொரு தடவைக்கும் காசு கொடுத்து ஆறு தடவை பார்ப்பது என்று போனார். பத்துக்கு எத்தனை நோவு என்று தினமும் கடைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லியிருந்தேன். ஏழில் தொடங்கியது ஆறாவது தடவையின்போது நான்குக்கு இறங்கியிருந்தது. இன்னும் நான்கு தடவை போனார், அதற்குமேல் இறங்கவில்லை, நிறுத்திக்கொண்டார். முதுகு சாயாத பழைய ஸ்டூலைத் தூக்கிவிட்டு நல்லதொரு கதிரை வாங்கியிருக்கிறார். அந்த வைத்தியர் முதல் நாளே வெறுவயிற்றில் சீனி பார்த்து வரச் சொன்னதில் 168 என்று வந்தது. அதுவரை தனக்குச் சீனி இருப்பதே அவருக்குத் தெரியாது. இப்போது அரசாங்க வைத்தியசாலையில் கிளினிக் அட்டை எடுத்திருக்கிறார். மாதத்தில் ஒரு புதன்கிழமை அங்கே போக வேண்டும். அன்றைக்குப் பதினொரு மணி வரை கடை மகனின் பொறுப்பு.