இறாலின் தரம் உலர்த்தும் களத்தில்!

கடலோரத்திலும் கழிமுகத்தை ஒட்டியும் நிலம் வைத்துள்ள உழவர்கள் சிலர், இறாலைக் காயவைத்து விற்று உபரி வருமானம் பெறுகின்றனர். ஒரே நாளில், ஒரே வலையில் கிடைத்த இறால்தான். ஆனால் ஒருவருடைய சரக்கு சமையலுக்கு நல்ல விலை பெறுகிறது. மற்றவருடையது கோழித் தீவனத்திற்குக் கழிக்கப்படுகிறது. இந்த வேறுபாடு பெரும்பாலும் உலர்த்தும் முறையால் உண்டாவதாகும்.

வேகவைத்தல்

பச்சை இறாலின் எடையில் ஏறக்குறைய 75 முதல் 80 சதம் தண்ணீரே. இறால் இறந்ததும் தலைப்பகுதியிலுள்ள நொதிகள் சதையைச் சிதைக்கத் தொடங்கும். ஓட்டில் கருமை படர்வதும் நொதியின் வேலையே. ஆகவே தாமதிக்காமல் கழுவி, 10 லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ உப்பு கரைத்துக் கொதிக்கவைத்து, இறாலின் பருமனுக்கேற்ப 2 முதல் 5 நிமிடம் வேகவிடுங்கள். சூட்டில் நொதிகள் செயலிழக்கும், செந்நிறமும் வெளிப்படும்.

மணலா? பரணா?

மணலில் பரப்பிய இறால் மேலே காயும். அடியில் ஈரம் நிற்கும். மணலும் அழுக்கும் ஒட்டும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் மூங்கில் பரண் கட்டி, பழைய வலையை விரித்து, ஒரே அடுக்காகப் பரப்புங்கள். மேலும் கீழும் காற்று செல்வதால் சீராகக் காயும். மாலையில் பனி படாமல் மூடி வைக்கவும்.

விரைவில் காயட்டும் என்று சுடும் தகரத்தின் மேல் பரப்புவது தவறு. மேற்புறம் இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டுவிடும். பின்னர் பூஞ்சணம் பிடிக்கும். பாலித்தீன் கூடார உலர்த்தி அமைப்போர், கீழே காற்று நுழையவும் மேலே ஈரக்காற்று வெளியேறவும் வழி விட வேண்டும். காய்ந்த பிறகும் வெயிலில் விட்டுவைத்தால் நிறம் வெளிறும்.

ஈக்களை விரட்டப் பயிர் மருந்தை ஒருபோதும் தெளிக்காதீர்கள். அது உண்பவர் உடலில் சேரும் நஞ்சு. ஈ நுழையாத நெருக்கமான கொசுவலையால் பரணை மூடினால் போதும்.

காய்ந்ததை அறிதல்

நன்கு காய்ந்த இறால் வளையாது, ஒடியும். ஐயமிருந்தால் ஒரு கைப்பிடி இறாலை உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, ஓர் இரவு வையுங்கள். காலையில் புட்டியின் உட்புறம் வியர்த்திருந்தால் மீண்டும் காயவைக்கவும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். எனவே ஆறியபின் தடித்த பாலித்தீன் பையிலிட்டு, தகர டப்பாவில் பத்திரப்படுத்துங்கள்.

ஈர நெல்லை நீங்கள் மூட்டை கட்டுவதில்லை. ஈர இறாலையும் கட்டாதீர்கள்.