பூதக்கண்ணாடிக்கு உதவும் தாவரச் சாயங்கள்

பெரியபாளையத்தின் வழியே செல்லும் ஆரணியாறு கடலை நாடும் பழவேற்காட்டில், 1613-ஆம் வருஷத்தில் ஒல்லாந்தர் ஒரு கோட்டை கட்டினர். அவர்களை அங்கே இழுத்தவற்றுள் பிரதானமானவை சோழமண்டலக் கரையின் சாயத்துணிகள். அவற்றின் சிவப்பு, கடலோர மணற்பாங்கில் வளரும் சாயவேரிலிருந்து கிடைத்தது. வெறுந்துணியை வேர்ச்சாற்றில் தோய்த்தால் நிறம் துவைப்பில் கழன்றுவிடும். முன்னதாகப் படிகாரம் ஏற்றிய துணியிலோ நிலைத்து நிற்கும். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பற்றிக்கொள்வதைப் போன்றது இது.

வைத்தியசாலைகளில் நோயாளியின் சதைத் துண்டைப் பரிசோதிப்பதும் இதே முறையைக் கொண்டுதான். மெல்லியதாகச் சீவிய திசு பெரும்பாலும் நிறமற்றது. பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தாலும் அதன் பாகங்கள் வேறுவேறாகப் புலப்படா. ஆதலின் சாயம் ஏற்றுகின்றனர். ஒல்லாந்து தேசத்து லீவன்ஹூக் 1714-லேயே தசைநார்களுக்குக் குங்குமப்பூவை உபயோகித்தார். இன்று உலகெங்கும் வழங்கும் ஹீமடாக்ஸிலின் என்னும் சாயமும் தாவரச் சரக்கே. மெக்ஸிக்கோ தேசத்துக் காம்பெச்சே பிராந்தியத்தின் மரமொன்றின் வைரத்திலிருந்து அது எடுக்கப்படுகிறது. 1863-இல் வால்டேயர் இதைத் தனியே உபயோகித்தார். 1865-இல் போமர் படிகாரம் சேர்த்த பின்னரே உயிரணுவின் உட்கரு தெளிவான நீலமாகத் தெரிந்தது. நம் சாயக்காரர்கள் துணியில் கண்ட உண்மையை விஞ்ஞானிகள் கண்ணாடித் தகட்டில் மறுபடியும் கண்டனர் என்று சொல்வது மிகையாகாது.

1970-களில் இச்சரக்குக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது மாற்றுச் சாயங்களைத் தேட வேண்டியதாயிற்று. செம்பருத்தி, மருதாணி, மஞ்சள் முதலியன பல ஆராய்ச்சிசாலைகளில் சோதிக்கப்பட்டுள்ளன. மஞ்சளின் நிறப்பொருள் நீரில் சரியாகக் கரையாது. சாராயச்சத்தில் எளிதில் கரைந்து திசுவுக்கு மஞ்சள் நிறம் தரும். செம்பருத்திச் சாறு புளிப்பில் சிவக்கும். சுண்ணாம்பு பட்டால் நிறம் மாறும். ஆகவே சாற்றின் தன்மையைக் கவனியாமல் இட்ட சாயம் ஒருநாள் போல் மறுநாள் இராது. மண்ணும் பருவமும் மாறினாலும் சாயத்தின் வலு மாறும். நோயைத் தீர்மானிக்கும் இடத்தில் இத்தகைய மாறுதல் ஆபத்தானது. பள்ளி மாணாக்கருக்கு வெங்காயத்தின் உட்தோலைச் சாயமேற்றிக் காட்டுவதற்கு மட்டும் இவற்றைத் தாராளமாக உபயோகிக்கலாம்.

இனி நிலத்தின் விஷயம். ஆராய்ச்சிசாலைகள் கொள்ளும் என்று தரகர் சொல்வதை நம்பி, நெல்லோ பூவோ விளையும் நிலத்தைச் சாயச்செடிக்கு ஒதுக்குவது அறிவீனம். மேயர் முறைப்படி 1 லிட்டர் நீருக்கு 50 கிராம் படிகாரம் வேண்டும். ஹீமடாக்ஸிலினோ 1 கிராம்தான். அந்த 1 லிட்டரும் எத்தனையோ தகடுகளுக்குப் போதும். இத்தேவைக்காக ஏக்கர் கணக்கில் பயிரிட்டால் கொள்வார் யார்? முன்பணம் கேட்கும் ஒப்பந்தம் ஏதேனும் கிராமத்துக்கு வந்தால், வாங்குவோர் யார், எவ்வளவு, எவ்விலைக்கு என்பதை எழுத்தில் பெற்று, அதிகாரிகளிடம் காட்டிய பின்னரே கையெழுத்திடல் வேண்டும். வேலியோரச் செம்பருத்தியும் கொல்லை மருதாணியும் பள்ளிக்கூடத்தின் தேவைக்குப் போதுமானவை. இதழ்களை நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத டப்பாவில் வைத்தல் நலம். வடித்த சாறு விரைவில் பூசணம் பிடிக்குமாதலால், அன்றன்று வேண்டிய அளவே வடிக்க வேண்டும்.