விவசாயச் சங்கங்களில் மாணாக்கர்

ஒரு தொழிலைச் செய்வோர் கூடிச் சங்கம் அமைத்தல் எளிது. அதனை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தலே அரிது. கிராம விவசாயச் சங்கங்கள் சிலவற்றில் அங்கத்தினர் பெரும்பாலோர் முதியோராயிருக்க, அவர்தம் மக்கள் கூட்டத்திற்கு ஒரு நாளேனும் வராதிருத்தலைக் காணலாம். காரியதரிசி தளர்வுற்றால் கணக்கும் குறிப்பும் அவரோடு நின்றுவிடும். பின்னர் விதைக்கும் உரத்திற்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே அலைய நேரும்.

மாணாக்கரால் சங்கத்திற்குப் பயன் இல்லை என்று எண்ணுதல் பொருந்தாது. கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் 1911-ஆம் ஆண்டில் மதராஸ் விவசாய மாணவர் சங்கம் தோன்றிற்று. மாணவர் பெயரால் எழுந்த அச்சங்கத்தின் சஞ்சிகை நூறாண்டைக் கடந்து நிற்கின்றது. இந்நாளில் விவசாயப் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணாக்கர், ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின்படி கிராமங்களில் தங்கிப் பயில்கின்றனர். உள்ளூர்ப் பள்ளி மாணாக்கரை அவர்களோடு சேர்த்துவிடுதல் சங்கத்தின் கடமையாகும்.

இளைஞரை அழைத்து உபந்நியாசம் கேட்கச் செய்வதில் பயனில்லை. அவர்களிடம் வேலை ஒன்றை ஒப்புவித்தல் வேண்டும். முதலாவது, மண் மாதிரி எடுத்தல். வரப்போரம், எருக்குவியல், மரநிழல் ஆகிய இடங்களை நீக்கி, வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கச் சுவரினின்று ஒரே கனமாக மண்ணைச் சீவியெடுத்துக் கலந்து, நான்காய்ப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, அரை கிலோவாகக் குறைத்து நிழலில் உலர்த்துக. மாதிரி பிழைப்பின் உர யோசனையும் பிழைக்கும்.

இரண்டாவது, விதைப் பரீட்சை. நூறு நூறாக 400 நெல் விதைகளை ஈரச் சாக்கில் முளைக்க வைத்து எண்ணிப் பார்த்தல் பள்ளிச் சிறுவர்க்கும் இயலும். நூற்றுக்கு 80-க்குக் குறைவாக முளைப்பின் அவ்விதையை நாற்றங்காலில் இடலாகாது. விதைத்த பின் இதனை அறிந்தால் அப்பருவத்தின் நாட்கள் மீளா.

மூன்றாவது, நாள்தோறும் மழையளவு குறித்தல். பல ஆண்டுக் குறிப்புச் சேர்ந்தால் ஊரின் விதைப்புக் காலத்தைத் தீர்மானிக்க அதுவே துணையாகும்.

மாணாக்கரிடம் சந்தா வாங்கற்க. பரீட்சை மாதங்களில் வேலை கொடுத்தலும் தகாது. அவர்கள் கண்ட முடிவுகளைக் கூட்டத்தில் அவர்களே படிக்க இடங்கொடுத்து, கமிட்டியில் இருவர்க்கேனும் ஸ்தானம் அளித்தல் வேண்டும். தம் சொல் கேட்கப்படும் இடத்திற்கே இளைஞர் மீண்டும் வருவர்.

சம்பா விதைப்புக்கு ஒரு மாதம் முன்னதாகக் கிராம அதிகாரிகள் தலைமையாசிரியரைக் கலந்து மாணாக்கரைத் தேர்ந்தெடுப்பதும், நிலச்சுவான்தார்கள் ஆளுக்கு ஒரு வயலை மாதிரிக்காக ஒதுக்குவதும் நலம். தந்தையின் நிலத்து மண்ணைத் தன் கையால் சோதித்தறிந்த மகன் அந்நிலத்தை எளிதில் கைவிடான்.